ஏட்டுச் சுரைக்காய் கேட்டலாக்கிலும் காய்க்கும்

ஒரு தபால்தலைக்காக 11 வருடம் ஆல்பத்தில் ஓர் இடத்தைக் காலியாக விட்டு வைத்திருந்தேன். மூன்று தலைகள் கொண்ட சின்ன வரிசை அது. நடுவில் உள்ளதற்கு மட்டும் கேட்டலாக், அதாவது தலைகளை வகையும் விலையும் போட்டுப் பட்டியலிடும் புத்தகம், இரண்டு வரி கொடுத்திருந்தது: பெர்ஃபரேஷன் (ஓரத்துத் துளைகளின் நெருக்கம்) 14 ஒன்று, 12½ இன்னொன்று. 14 எங்கேயும் கிடைக்கும். 12½-க்கு விலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும். கோடு என்றால் விலை சொல்லும் அளவுக்கு விற்பனைக்கே வராத அபூர்வம் என்று முன்னுரையில் எழுதியிருந்தார்கள். போதாதா? கையில் கிடைத்த ஒவ்வொரு பிரதியையும் அளவுகோலில் வைத்தேன், பிறரிடம் கூடுதலாக இருந்த பிரதிகளையும் கேட்டு வாங்கி வைத்துப் பார்த்தேன், எல்லாமே 14. அப்புறம் ஒருநாள் புதிய பதிப்பு வாங்கிப் பிரித்தால் அந்த வரியே இல்லை. அடிக்குறிப்பு இல்லை, நீக்கப்பட்டது என்ற சொல் இல்லை, ஒன்றும் இல்லை. யாரோ எப்போதோ தப்பாக அளந்திருக்கிறார், அது அச்சாகியிருக்கிறது, இப்போது சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். எந்த நாடு, எந்தப் புத்தகம் என்று சொல்லப்போவதில்லை. மற்ற புத்தகங்களும் இதைச் செய்கின்றனதான்.

கேட்டலாக் பிழை என்றதும் எல்லோரும் விலையைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. அச்சாகும் நாளிலேயே விலை பழசாகிவிடும், அது தெரிந்துதான் வாங்குகிறோம். இல்லாததை இருக்கிறது என்றும் இருப்பதை இல்லை என்றும் சொல்வது வேறு ரகம். அதைப் பார்த்துத்தான் நாம் தேடுகிறோம், ஒதுக்குகிறோம், ஆல்பத்தில் கட்டம் போடுகிறோம்.

ஒரு கேட்டலாக் வரி எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் இதன் காரணம் புரியும். ஒன்று, தொகுத்தவர் அந்தக் காசையோ தலையையோ கையில் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஏதோ ஒரு காகிதத்தைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும்: நாணயச்சாலை அறிக்கை, அரசாணை, ஏலப் பட்டியல், இன்னொரு கேட்டலாக். உலகம் முழுவதையும் ஒரே புத்தகத்தில் அடக்குபவரால் எல்லாவற்றையும் கண்ணால் பார்க்க முடியாது. அதனால் பெரும்பகுதி காகிதம்தான். முதல் தபால்தலைப் பட்டியலை 1861-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஆஸ்கர் பெர்ஜே-லெவ்ரோ அச்சிட்டார், அதே ஆண்டின் கடைசியில் பாரிஸில் ஆல்ஃப்ரெட் பொட்டிகே இன்னொன்றை வெளியிட்டார். இரண்டாவது, முதலாவதை அடிப்படையாகக் கொண்டது. அதாவது இன்னொன்றைப் பார்த்து எழுதும் பழக்கம் இந்தத் துறையின் இரண்டாவது புத்தகத்திலேயே தொடங்கிவிட்டது.

காகிதத்தை நம்பியதில் வந்த வினைக்கு அமெரிக்க வெள்ளி டாலரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1895-ஆம் ஆண்டு மோர்கன் டாலரை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிலடெல்ஃபியா நாணயச்சாலைக் கணக்கில் சாதாரணக் காசு 12,000, சேகரிப்பாளர்களுக்கான ப்ரூஃப் 880 என்று இருக்கிறது. 880-ல் பல இன்றும் இருக்கின்றன. 12,000-ல்? சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரே ஒரு காசுகூட வெளிவரவில்லை. உருக்கிவிட்டார்கள் என்கிறார்கள் சிலர். 1918-ல் வந்த பிட்மன் சட்டத்தின் கீழ் 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்களை உருக்கியது உண்மைதான், அதிலேயே போயிருக்கலாம் என்பது வாதம். முந்தைய ஆண்டு பொறித்த எஃகு அச்சில் அடித்ததை இந்த ஆண்டுக் கணக்கில் எழுதியிருப்பார்கள் என்கிறார்கள் வேறு சிலர். கணக்கப்பிள்ளையின் பேனா சறுக்கல் என்பவர்களும் உண்டு. ஆனால் கேட்டலாக்கின் கட்டத்தில் 12,000 என்ற எண் கம்பீரமாக உட்கார்ந்திருக்கும், பக்கத்து வரியில் உண்மையாகவே லட்சக்கணக்கில் புழங்கிய காசின் எண் எப்படி இருக்கிறதோ அதே எழுத்தில், அதே அளவில். எண்களுக்கு முகபாவம் கிடையாது, அதுதான் தொல்லை.

1804 டாலர் இதைவிட ஒரு படி மேலே. அந்த ஆண்டுக் கணக்கில் 19,570 வெள்ளி டாலர்கள் என்று பதிவாகியிருக்கிறது. பொய்க் கணக்கு இல்லை, அவ்வளவும் அடித்தார்கள். ஆனால் காசின் மேல் இருந்த ஆண்டு 1803 அல்லது அதற்கும் முந்தையது, ஏனென்றால் அந்தக் காலத்தில் எஃகு அச்சு விலை உயர்ந்த பொருள், ஆண்டு மாறிவிட்டது என்பதற்காக நல்ல அச்சைத் தூக்கிப்போட மாட்டார்கள், தேயும் வரை அடிப்பார்கள். பிறகு டாலர் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். 1834-ல் சயாம் மன்னருக்கும் மஸ்கட் சுல்தானுக்கும் பரிசாகக் கொடுக்க நாட்டின் காசுகளை எல்லாம் ஒரு பெட்டியில் வைத்துத் தரச் சொல்லி உத்தரவு வந்தது. நாணயச்சாலைக்காரர்கள் பழைய பதிவேட்டைப் புரட்டினார்கள். கடைசியாக டாலர் அடித்த ஆண்டு 1804 என்று இருந்தது. சரி, 1804 என்று அச்சு வெட்டு என்று வெட்டி அடித்தே விட்டார்கள்! ஆக, பதிவேட்டைத் தப்பாகப் படித்ததால் ஒரு காசே பிறந்தது. பின்னால் அடித்தவற்றையும் சேர்த்து நெடுங்காலம் மொத்தம் 15 மட்டுமே தெரிந்திருந்தது. உலகத்தின் மிகப் புகழ்பெற்ற காசுகளில் ஒன்று, அதன் மேலிருக்கும் ஆண்டில் அது அடிக்கப்படவே இல்லை. 19,570-க்கும் இந்தப் பதினைந்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் அந்த எண்ணை 1804 என்ற வரிக்கு நேரே போட்டுவிட்டால், மீதி 19,555 எங்கே என்று தேடக் கிளம்பும் ஆள் நிச்சயம் இருப்பான். (நான் கிளம்பியிருப்பேன்.)

எத்தனை காசு அடித்தார்கள் என்ற எண்ணை நான் இப்போது இப்படித்தான் படிக்கிறேன்: அந்தக் கணக்கு ஆண்டில் நாணயச்சாலையின் வாசலைத் தாண்டிப் போனவை இத்தனை. அவ்வளவுதான். கணக்கு ஆண்டு ஜனவரியில் தொடங்கியதா, நிதியாண்டா என்பதே பல நாடுகளில் தனிக் கேள்வி.

ஆண்டு என்று வந்துவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். காசின் மேல் இருக்கும் ஆண்டு அடித்த ஆண்டாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆஸ்திரிய அரசி மரியா தெரசாவின் தாலர் என்ற வெள்ளிக் காசில் 1780 என்றே இருக்கும், அவர் இறந்த ஆண்டு. அதே ஆண்டைப் போட்டு வியன்னா, ரோம், லண்டன், பாரிஸ், பம்பாய் என்று பல ஊர்களில் 20-ஆம் நூற்றாண்டிலும் அடித்திருக்கிறார்கள். விக்டோரியா படம் போட்ட 1862 ரூபாயை 1874 வரை அதே ஆண்டுடன் அடித்தார்கள், வருடத்தைக் காட்ட குட்டிக் குட்டிப் புள்ளிகள் வைத்து. ஒரு புள்ளி அழுக்கில் மறைந்திருந்தால் கேட்டலாக்கில் புதிய வகை பிறந்துவிடும்.

வேறு நாள்காட்டி என்றால் இன்னும் வேடிக்கை. ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள், ஆகவே ஒரு ஹிஜ்ரி ஆண்டு பெரும்பாலும் இரண்டு ஆங்கில ஆண்டுகளில் கால் வைத்து நிற்கும். கேட்டலாக்கோ ஒரு ஆண்டைத்தான் எழுதும். திப்பு சுல்தான் தன் ஆட்சியின் நடுவில் ஹிஜ்ரியை விட்டுவிட்டு நபிகளின் பிறப்பிலிருந்து எண்ணும் மௌலூதி ஆண்டுக்கு மாறினார், அதோடு இலக்கங்களை வலமிருந்து இடமாகப் போடச் செய்தார். 1215 என்பது காசின் மேல் 5121 என்று நிற்கும். இது தெரியாமல் படித்தவன் என்ன செய்வான்? எதையாவது ஊகித்து எழுதுவான், அது அச்சாகும்.

எத்தியோப்பியாவுடையதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டாம் மெனலிக்கின் பிர் என்ற வெள்ளிக் காசு ஒன்றில் அவர்கள் கணக்குப்படி 1889 என்று இருக்கும். அந்த நாள்காட்டி ஏழெட்டு ஆண்டு பின்னால் ஓடுவது, ஆகவே அது நம் கணக்கில் 1896-97. ஆனால் மெனலிக் பேரரசராக முடிசூடியது நம் கணக்கில் 1889! அந்த ஆண்டை அப்படியே எடுத்து எழுதுகிறவருக்குச் சந்தேகமே வராது, முடிசூட்டு விழாவுக்காக அடித்தது போலிருக்கிறது என்று ஒரு கதையும் சேர்த்துக்கொள்ளலாம். பொருந்தாத பிழையை யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். பொருந்தும் பிழைக்கு ஆயுசு கெட்டி.

நோட்டுகளில் இதே வேலையைச் செய்வது மொழிபெயர்ப்பு. 1923-24 ஜெர்மன் பணவீக்க நோட்டில் 'பில்லியோன்' என்று இருந்தால் அது லட்சம் கோடி. ஆங்கிலத்தில் இன்று பில்லியன் என்றால் நூறு கோடி. ஜெர்மன்காரர் நூறு கோடியை 'மில்லியார்ட' என்பார். 1924 பிப்ரவரியில் வந்த 100 பில்லியோன் மார்க் நோட்டை ஆங்கிலத்தில் எழுதும்போது 100 டிரில்லியன் என்று மாற்ற வேண்டும், மறந்தால் ஒரே அடியில் ஆயிரம் மடங்கு குறைந்துவிடும். 1946 ஹங்கேரி இன்னும் மோசம். அங்கே பணத்தின் பெயர் பெங்கோ, பி-பெங்கோ என்று போட்டிருந்தால் ஒன்று லட்சம் கோடி பெங்கோ. அதில் பத்துக் கோடி, அதாவது 1-க்குப் பின் 20 பூஜ்யம், இதுதான் புழக்கத்துக்கு வந்த ஆகப்பெரிய நோட்டு. அதற்கு மேலே 21 பூஜ்யத்துக்கு ஒன்றை அச்சடித்தார்கள், ஆனால் வெளியிடவில்லை. அச்சடித்ததும் வெளியிட்டதும் ஒன்று இல்லை என்பதை ஒரு சின்ன எழுத்தில் குறித்திருப்பார்கள், அடுத்த பதிப்பில் இடம் போதாமல் அந்தச் சின்ன எழுத்துதான் முதலில் போகும்.

நோட்டுக்காரர்களின் கேட்டலாக் எண் இன்றும் ஆல்பர்ட் பிக் என்ற ஜெர்மன் சேகரிப்பாளரின் பெயரால்தான் வழங்குகிறது. ஒரு தனி மனிதர் தொடங்கியது எத்தனை பெரிய காரியம் என்று நினைத்தால் குறை சொல்ல வாய் வராது. ஆனாலும் ஒரு நாட்டின் எல்லாக் கையெழுத்து மாற்றங்களையும் எல்லா வரிசை எழுத்துகளையும் ஒருவரோ பத்துப் பேரோ பார்த்துவிட முடியாது. ஓவன் லின்ஸ்மேயர் என்பவர் நாடு நாடாக எடுத்து முழுவதையும் புதிதாக எழுதத் தொடங்கியது எனக்குச் சரியாகவே பட்டது. பழையதை ஒட்டுப் போட்டுக்கொண்டே இருப்பதற்கும் ஓர் எல்லை உண்டு.

தபால்தலையில் பிழை வரும் இடங்கள் சின்னச் சின்னவை. 1866-ல் பாரிஸ் மருத்துவர் லெக்ராண்ட் சொன்னபடி 2 சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை துளை என்று எண்ணுகிறோம். 14 x 13½ என்றால் முதல் எண் மேலும் கீழும், இரண்டாவது பக்கவாட்டில். இதைத் திருப்பிப் போட்டால் இல்லாத ஒரு வகை ரெடி. வாட்டர்மார்க்கை (காகிதத்துக்குள் தெரியும் நீர்க்குறி) முன்னாலிருந்து பார்த்துச் சொல்கிறார்களா பின்னாலிருந்தா என்று முன்னுரையைப் படிக்காமல் சொல்ல முடியாது, முன்னுரையை யாரும் படிப்பதும் இல்லை. நிறப் பெயர்கள் பற்றிப் பேசவே வேண்டாம், ஒருவருடைய செங்காவி இன்னொருவருடைய பழுப்பு. அப்புறம் எண்கள். அமெரிக்கக் கேட்டலாக்கான ஸ்காட் ஒரே தொடரில் வந்தவற்றைச் சேர்த்துவைக்கும், விமானத் தபாலுக்கு 'சி' என்று தனி வரிசை கொடுக்கும். விமானம் தலைகீழாக அச்சான 1918-ன் அந்த 24 சென்ட் தலைக்கு அதில் சி3ஏ என்று எண். ஜெர்மன் மிஷெல் விமானத் தபாலுக்கென்று தனி எழுத்து வைக்காமல் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் எண்ணிக்கொண்டு போகும். ஒன்றின் எண்ணை இன்னொன்றுக்கு மாற்றிக் கொடுக்கும் அட்டவணையில் நடுவில் ஒரு வரி விட்டுப்போனால் அதற்குக் கீழே உள்ள அத்தனையும் ஒரு படி இறங்கி நிற்கும். ஒவ்வொரு வரியையும் தனியாகப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

கதைகளும் கேட்டலாக் குறிப்புகளில் ஏறிக்கொள்ளும். மொரீஷியஸின் 1847 'போஸ்ட் ஆஃபீஸ்' தலைகளில் 'போஸ்ட் பெய்ட்' என்று இருந்திருக்க வேண்டும், செதுக்கியவர் மறதியில் மாற்றிச் செதுக்கிவிட்டார் என்று நாமெல்லாம் சின்ன வயதில் படித்தோம். அந்தக் கதையைப் பரப்பியது 1928-ல் வந்த ஒரு புத்தகம், தலை வந்து எண்பது ஆண்டு கழித்து. அதே 1847-ல் வெளியான அமெரிக்கத் தலையிலும் 'போஸ்ட் ஆஃபீஸ்' என்றுதான் இருக்கிறது. அப்படியானால் அங்கேயும் ஒரு மறதிக்காரர் செதுக்கினாரா? இதை யாரும் கேட்கவில்லை, கதை அவ்வளவு நன்றாக இருந்தது.

எல்லாவற்றையும்விட மோசம் ரோமானியக் காசுக்காரர்களின் நிலைமை, சுவடிகளில் பாடபேதம் பார்ப்பவர்களுடையது போல. ரோமானியப் பேரரசின் காசுகளுக்கான பெரிய ஆங்கிலத் தொகுதியின் முதல் பாகம் 1923-ல் வந்தது. அதில் சில வரிகளுக்கு ஆதாரம் 19-ஆம் நூற்றாண்டின் ஆன்ரி கோஹன். கோஹனிடம் போய்ப் பார்த்தால் அவர் 17-ஆம் நூற்றாண்டின் வையான் என்பவரைக் கை காட்டுவார். வையான் பார்த்த காசு எங்கே, தேய்ந்த எழுத்தைச் சரியாகத்தான் படித்தாரா, அது போலியா, எதுவும் தெரியாது. அச்சு மட்டும் ஒவ்வொரு நூற்றாண்டிலும் இன்னும் அழகாகிக்கொண்டே வரும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள், இங்கே அந்தச் சுரைக்காய்க்கு எண்ணும் உண்டு.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் சந்தேகப்படுவதே அறிவு என்று ஆகிவிடும். 1900-ல் பிரான்சில் ஒரு புதையலில் டொமிஷியானஸ் என்று பெயர் போட்ட காசு ஒன்று கிடைத்தது. மூன்றாம் நூற்றாண்டில் அப்படி ஒரு பேரரசன் இருந்ததற்குப் போதிய சான்று இல்லை, ஆகவே போலி என்று ஒதுக்கிவிட்டார்கள். 2003-ல் இங்கிலாந்தில் சால்க்ரோவ் என்ற இடத்தில் மண்ணுக்குள்ளிருந்து ஒரு பானை வந்தது. அதற்குள் ஒன்றோடொன்று ஒட்டிப்போன காசுகள், அவற்றுக்கிடையே அதே பெயரில் இன்னொன்று, பழைய காசை அடித்த அதே அச்சில் அடித்தது. நூறு வருடமாகக் கேலி வாங்கிக்கொண்டு கிடந்த காசு நிஜமாகிவிட்டது. அதனால் இப்போதெல்லாம் ஒரு வரியை அடித்து நீக்குவதற்கும் எனக்குக் கை நடுங்குகிறது.

இதற்கிடையில் "கேட்டலாக்கில் இல்லாதது" என்று கூவி விற்பவர்கள் தனி. கேட்டலாக்கில் இல்லாமல் போவதற்கு ஆயிரம் காரணம். தொகுத்தவருக்குச் சொல்ல ஆள் இல்லை, போன பதிப்பில் பக்கம் போதவில்லை, அல்லது அது ஆசிட்டில் ஊறவைத்த சாதாரணக் காசு. அபூர்வம் என்பது அந்தப் பட்டியலின் கடைசியில்தான் வரும்.

நான் என்ன செய்கிறேன் என்றால், என் பிரதியின் ஓரத்தில் பென்சிலால் மூன்று குறி போடுவேன். கையில் எடுத்துப் பார்த்ததற்கு 'க', யாரோ சொன்னதற்கு 'கே', தீர விசாரித்ததற்கு 'வி'. பழமொழியிலிருந்து எடுத்ததுதான். பத்து வருடத்தில் 'க' நிறைய இருக்கிறது, 'கே' அதைவிட நிறைய, 'வி' ஒரு பக்கத்துக்கு ஒன்று தேறினால் அதிகம். பெரிய கேட்டலாக்குகள் இப்படி ஏதாவது ஒன்றை அச்சிலேயே செய்தால் என்ன என்று நினைப்பேன். "நாங்கள் பார்க்கவில்லை" என்று ஒரு நட்சத்திரம் போட்டால் போதும், புத்தகம் கொஞ்சம் அசிங்கமாகத் தெரியும், அவ்வளவுதான். எனக்கு அந்த அசிங்கமான புத்தகம்தான் வேண்டும்.

பிழை திருத்தி அனுப்புவதில் எனக்கு ஒரு காலத்தில் பெரிய ஆர்வம். பலரும் சேர்ந்து நிரப்பும் இணையக் கேட்டலாக்குகள் வந்தபிறகு அது சுலபமாகிவிட்டது, அடுத்த பதிப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். காந்தம் ஒட்டுகிறதா பார், வெறும் நிக்கல் ஒட்டும், செம்பு கலந்த நிக்கல் ஒட்டாது, புத்தகம் தப்பு என்று எழுதி அனுப்பு. இருபது முப்பது அப்படி அனுப்பி ஏற்றுக்கொள்ளவும் பட்டன. அந்த உற்சாகத்தில் ஒரு வெண்கலக் காசின் எடையைத் திருத்தி அனுப்பினேன். புத்தகத்தில் இருந்ததைவிட என் தராசில் கிட்டத்தட்ட கால் கிராம் குறைவு, மூன்று காசிலும் அப்படியே, படத்தோடு அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். நாலு மாதம் கழித்து வேறு எதற்கோ தராசைச் சோதனை எடை வைத்துப் பார்த்தால் கால் கிராம் குறைவாகக் காட்டிக்கொண்டிருந்தது. பேட்டரி மாற்றியதும் சரியாகிவிட்டது.

உடனே மன்னிப்புக் கேட்டு எழுதினேன், அங்கே மாற்றிவிட்டார்கள். ஆனால் அந்த நாலு மாதத்துக்குள் யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள். போன வாரம் ஒரு விற்பனைப் பட்டியலில் அந்தக் காசைப் பார்த்தேன், என் எடையோடு. வேறொரு சேகரிப்பாளர் தன் காசு கால் கிராம் கூடுதலாக இருக்கிறதே, கனமான வகையா என்று கேட்டிருக்கிறார். என் பிரதியைப் புரட்டினேன். அந்த வரிக்கு நேரே பென்சிலில் 'க' என்று இருந்தது.